பாட்டு நின்றது, கம்பெனிகள் நிற்கவில்லை: ‘சிக்ஸ்பென்ஸ் நன் த ரிச்சர்’ – ஒரு நிகழ்வு ஆய்வு

ஏன் இந்தக் குழு

1999-ல் ஆங்கிலப் பாட்டுப் பக்கம் கொஞ்சம் காது கொடுத்தவர்களுக்குக்கூட ‘கிஸ் மீ’ தெரிந்திருக்கும். வாற்கோதுமை வயல், நிலா வெளிச்சம், மெல்லிய பெண் குரல். பாடியது ‘சிக்ஸ்பென்ஸ் நன் த ரிச்சர்’ என்ற கிறிஸ்தவ ஆல்டர்னேட்டிவ் ராக் குழு என்பது கேட்டவர்களில் பலருக்குத் தெரியாது. ஒரு பாட்டு ஹிட் ஆனது, பிறகு காணாமல் போனார்கள் என்று இரண்டு வரியில் இவர்கள் கதையை முடித்துவிடுவது வழக்கம். அந்த இரண்டு வரியில் எனக்கு உடன்பாடில்லை. 1992 வாக்கில் தொடங்கி 2024 வரை நீளும் இந்தக் குழுவின் வாழ்க்கையைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், தடங்கல் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்திலிருந்து வந்தது புலப்படுகிறது. பாட்டு எழுதி முடிந்திருக்கும், பதிவும் முடிந்திருக்கும். அதை வெளியிட வேண்டிய கம்பெனி ஆட்டம் கண்டுவிடும்.

ஆட்களைப் பெயர் சொல்லாமல் பாடகி, கிட்டார்காரர், நிறுவனர் என்றே குறிப்பிடுகிறேன். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பார்ப்பது இங்கே நோக்கமில்லை.

பின்னணி

டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் இடையில் நியூ பிரான்ஃபல்ஸ் என்ற ஊர். 1845-ல் ஜெர்மன் குடியேறிகள் அமைத்தது. சிறு வயதிலிருந்தே பழைய கண்ட்ரி பாட்டுகளைப் பாடி வளர்ந்த பெண் ஒருத்தியும், கிட்டாரோடு செல்லோவும் வாசிக்கத் தெரிந்த ஓர் இளைஞரும் இங்கே சபை வட்டாரத்தில் பழகியவர்கள். பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர் அந்த இளைஞர். பாடியவள் அந்தப் பெண். மற்ற உறுப்பினர்கள் வந்தார்கள், போனார்கள். இந்த இரண்டு பேர் மட்டும் தொடக்கத்திலிருந்து மாறவில்லை.

குழுவின் பெயர் வாயில் நுழையாத பெயர்தான். ‘ஆறு பென்ஸ்கூடக் கூடவில்லை’ என்று பொருள். கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் ‘மியர் கிறிஸ்டியானிட்டி’ நூலில் வரும் சின்ன உவமை அது. ஒரு சிறுவன் அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க அப்பாவிடமே ஆறு பென்ஸ், அதாவது கொஞ்சம் சில்லறைக் காசு கேட்கிறான். அப்பா கொடுக்கிறார், பரிசு கைக்கு வந்ததும் மகிழ்ந்துபோகிறார். ஆனால் அதனால் அவர் ஆறு பென்ஸ் பணக்காரர் ஆகிவிடவில்லை. அது அவர் காசுதானே. மனிதன் கடவுளுக்குத் தருவதெல்லாம் அப்படி என்பது லூயிஸின் கருத்து. குழு புகழ் பெற்ற பிறகு டேவிட் லெட்டர்மனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டபோது பாடகி இந்தக் கதையைத்தான் சொன்னாள். லட்சக்கணக்கானோர் பார்க்கும் நள்ளிரவுக் கேலி நிகழ்ச்சி, பிரசங்கத்துக்கான இடமே இல்லை. அவள் சுருக்கமாகக் கதையைச் சொல்லிவிட்டு விட்டுவிட்டாள்.

அவர்கள் நுழைந்த சந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கிறிஸ்தவப் பாப் இசை அன்றைக்குத் தனித் தீவு. அதற்கென்று லேபிள்கள் (ரெக்கார்டு கம்பெனிகள்), அதற்கென்று ரேடியோ, அதற்கென்று பத்திரிகை, அதற்கென்று டவ் விருது. கேசட்டும் சிடியும் முதன்மையாக விற்றது வேதாகமமும் வாழ்த்து அட்டையும் விற்கிற கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில். இந்தக் கடைகளின் விற்பனை, இசை விற்பனையை எண்ணும் சவுண்ட்ஸ்கேன் கணக்கில் சேர்ந்ததே 1995-ல்தான். அதுவரை எத்தனை விற்றாலும் பில்போர்டு பத்திரிகையின் தரவரிசைப் பட்டியலில் தெரியாது. 1996-ல் ஜார்ஸ் ஆஃப் க்ளே குழுவின் ‘ஃபிளட்’ பொது ரேடியோவில் ஓடி முதல் 40-க்குள் வந்தபோது, தீவிலிருந்து கரைக்குப் பாலம் போடலாம் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் வந்தது.

முதல் இரண்டு ஆல்பங்கள், முதல் முடக்கம்

குழு முதலில் ஒப்பந்தம் போட்டது ஆர்.இ.எக்ஸ். என்ற சிறிய கிறிஸ்தவ லேபிளோடு. ‘த ஃபாதர்லெஸ் அண்ட் த விடோ’ 1994-ல் வந்தது. பாடகிக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. அடுத்த ஆண்டே ‘திஸ் பியூட்டிஃபுல் மெஸ்’. முதலாவதைவிடக் கனமான கிட்டார், இருண்ட மனநிலை. கிறிஸ்தவ வட்டத்துக்குள் நல்ல பெயர் கிடைத்தது, டவ் விருதும் கிடைத்தது.

மேலே போக வேண்டிய இந்தக் கட்டத்தில் லேபிள் கவிழ்ந்தது.

இங்கே கொஞ்சம் நின்று, ஒரு ரெக்கார்டு கம்பெனி கவிழ்ந்தால் குழுவுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது குழு இரண்டை எழுதிக் கொடுக்கிறது. ஒன்று, மாஸ்டர் என்கிற மூலப் பதிவின் உரிமை. இன்னொன்று, அடுத்த சில ஆல்பங்களை வேறு யாருக்கும் செய்வதில்லை என்ற உறுதி. கம்பெனி திவாலானால் இந்த இரண்டும் கம்பெனியின் சொத்துப் பட்டியலில் ஏறும். ஆபீஸ் மேஜை, கோடவுனில் கிடக்கும் சிடிப் பெட்டி, அவற்றோடு இந்தப் பெண்ணின் குரலும். கடன் கொடுத்தவர்களும் வக்கீல்களும் தீர்த்துவைக்கும்வரை குழு வேறு எங்கும் பதிவு செய்ய முடியாது. விற்ற சிடிக்கு ராயல்டியும் வராது.

முன்பணம் என்பதும் சிறுவனின் ஆறு பென்ஸ் கதைக்கு நேர் எதிரானது. கம்பெனி தருகிற முன்பணம் பரிசு இல்லை, கடன். ஸ்டுடியோ வாடகை, வீடியோச் செலவு, டூர் உதவி எல்லாம் குழுவின் பங்கிலிருந்து கழிந்த பிறகுதான் முதல் காசு அவர்கள் கைக்கு வரும். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு அந்தத் தொழிலில் போய் மாட்டினார்களே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

எடுத்த முடிவு: கலையாமல் இருப்பது

குழுவின் முன்னால் இருந்த வழிகள் குறைவு. கலைந்து வேறு பெயரில் ஆரம்பிக்கலாம். ஆனால் பழைய ஒப்பந்தம் குழுவின் பெயரை மட்டும் பிடித்து வைப்பதில்லை, கையெழுத்துப் போட்ட ஆளையும் பிடிக்கும். இசையை விட்டு வேறு வேலை பார்க்கலாம். இல்லையென்றால், மேடையில் பாடிக்கொண்டே வழக்கு தீரும்வரை காத்திருக்கலாம். அவர்கள் காத்திருந்தார்கள். கிறிஸ்தவ இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்விலுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

கிட்டார்காரர் அந்தக் காலத்தில் எழுதியவை பின்னால் 1997 ஆல்பத்தில் வந்தன. ஒரு பாட்டில், இது தன் நாற்பத்தைந்தாவது சோகப் பாட்டு என்று எண்ணிச் சொல்லிவிட்டு, தன் கலையின் கருவறையைக் கிளறிக் காசு தேடுகிறார்கள் என்று குமுறுகிறார். இன்னொன்றில், நீர் சொல்லும்வரை இனி எழுதப் போவதில்லை, இதுவே கடைசி என்று கடவுளிடமே கோரிக்கை வைக்கிறார். விசுவாசப் பாட்டு என்றால் துதி மட்டும்தான் என்று பழகிய கடைக்காரர்களுக்கு இதை எந்த அலமாரியில் வைப்பது என்று திகைப்பாக இருந்திருக்கும். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று கேட்கிற பதின்மூன்றாம் சங்கீதம் அதே கடையில் அதே வேதாகமத்துக்குள்தான் இருந்தது. திருவாரூரில் நின்று ‘வாழ்ந்து போதீரே’ என்று கேட்ட சுந்தரரை அறிந்த நமக்கு இந்தக் குரலில் அந்நியம் எதுவும் இல்லை.

காத்திருந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அந்த ஆல்பத்தின் ஆழம் அந்த முடக்கத்திலிருந்து வந்தது. ஆனால் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டு யாரும் வேண்டுமென்றே காத்திருக்கக் கூடாது. இரண்டு பேருக்கு அது பலித்தது. அதே காலத்தில் அதே வட்டத்தில் எத்தனையோ குழுக்கள் கலைந்தன.

1997: ஒரே ஆளை நம்பிய புதிய கம்பெனி

நாஷ்வில்லில் அந்த ஆண்டுதான் ஸ்க்விண்ட் என்டர்டெயின்மென்ட் தொடங்கியது. நிறுவனர், எண்பதுகளில் கிறிஸ்தவ ராக்கில் குத்தலான பாட்டுகளால் பெயரும் எதிர்ப்பும் ஒருசேரச் சம்பாதித்த பாடகர். பின்னால் தயாரிப்பாளராகவும் பெயர் எடுத்தவர். பணம் கேலார்ட் என்டர்டெயின்மென்டிடமிருந்து வந்தது. கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கண்ட்ரி இசை அரங்கை அப்போது வைத்திருந்த நிறுவனம் அது. கிறிஸ்தவ இசையின் பழைய பெரிய லேபிளான வேர்டையும் அப்போது அது வாங்கியிருந்தது.

சிக்ஸ்பென்ஸ் குழு இங்கே வந்து சேர்ந்தது. 1997 நவம்பரில் வந்த ஆல்பத்துக்குக் குழுவின் பெயரையே வைத்தார்கள். கம்பெனியின் நிறுவனரே தயாரித்தார். பாப்லோ நெரூடாவின் ஸ்பானிய வரிகளை வைத்து ஒரு பாட்டு, செல்லோ, நீண்ட பெருமூச்சு போன்ற மெட்டுகள். அதற்குள் மூன்று நிமிடச் சொச்சத்துக்கு ஒரு காதல் பாட்டு. கிட்டார்காரர் எழுதியது. அதில் கடவுள் பெயர் இல்லை. வயல், மின்மினி, மர வீடு, முத்தம் அவ்வளவுதான்.

நிறுவனர் எடுத்த முடிவு இங்கே முக்கியமானது. ஆல்பத்தில் கிறிஸ்தவ ரேடியோவுக்கு ஏற்ற பாட்டுகள் இருந்தன. அவர் இந்த முத்தப் பாட்டைப் பொது ரேடியோவுக்கு அனுப்பினார். ஒரு மாதம் பார்த்துவிட்டு விடவுமில்லை. ஆல்பம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் அந்த ஒரே பாட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தார். வீடியோவையும் அவரே இயக்கினார். பாரிசில், கறுப்பு வெள்ளையில், பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவின் ‘ஜூல்ஸ் அண்ட் ஜிம்’ படத்துக்கு மரியாதை செய்யும் விதமாக எடுத்தது. பொதுவாகக் கிறிஸ்தவ லேபிள் ஒன்று யோசிக்கிற வேலை இல்லை அது.

1999: பாட்டு ஏறியது

‘டாசன்ஸ் கிரீக்’ தொலைக்காட்சித் தொடரில் பாட்டு வந்தது. 1999 ஜனவரியில் வெளியான ‘ஷீ இஸ் ஆல் தட்’ படத்தில், கதாநாயகி அலங்காரத்தோடு மாடிப்படி இறங்கி வரும் காட்சிக்குப் பின்னால் ஒலித்தது. அந்த இளவேனிலில் பில்போர்டு ஹாட் 100-ல் 2-ஆம் இடம், பிரிட்டனில் 4-ஆம் இடம். ஆல்பம் அமெரிக்காவில் பிளாட்டினம், அதாவது 10 லட்சம் பிரதி. முதலில் ராக் காஸ்பெல் (கிறிஸ்தவ ராக்) பிரிவில் ஆல்பத்துக்கு, அடுத்த ஆண்டு பாப் பிரிவில் பாட்டுக்கு என்று கிராமி பரிந்துரைகளும் வந்தன. தீவு, கரை இரண்டிலும் பெயர் அடிபட்ட குழு அது.

இன்னொரு பக்கம், இது கிறிஸ்தவ இசையா என்ற கேள்வி எழுந்தது. டவ் விருது தரும் காஸ்பெல் இசைச் சங்கம் 1998-ல் ஒரு வரையறை கொண்டுவந்திருந்தது. வரிகள் வேதாகம உண்மையைச் சார்ந்திருக்க வேண்டும், அல்லது கடவுளைத் துதிக்க வேண்டும், அல்லது கடவுளோடுள்ள உறவைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும், அல்லது கிறிஸ்தவப் பார்வையிலிருந்து பிறந்தது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். ஒரு முத்தப் பாட்டை இதில் எதற்குள் அடக்குவது? கல்யாணமும் காதலும் கடவுள் தந்ததுதானே என்று ஒரு சாரார், பிறகு எதற்குக் கிறிஸ்தவக் குழு என்ற பெயர் என்று இன்னொரு சாரார். சபைக்குள் டிரம்ஸ் வைக்கலாமா என்று நம் ஊரில் நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொனி தெரியும். குழு இரு தரப்புக்கும் நீண்ட விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. எனக்கு அது பிடித்த முடிவு. அத்தனை பேச்சும் பாட்டின் பொருளைப் பற்றியே இருந்தது. பாட்டின் உரிமை யாரிடம் இருக்கிறது, அவர்கள் எத்தனை நாள் நிலைப்பார்கள் என்று அந்தச் சத்தத்தில் யாரும் கேட்கவில்லை.

அடுத்த சிங்கிளாக, அதாவது ரேடியோவுக்காகத் தனியாக விடும் பாட்டாக, ‘தேர் ஷீ கோஸ்’ வந்தது. பிரிட்டனின் லாஸ் குழுவின் பழைய பாட்டு. ஆல்பத்தின் மறுபதிப்பில் சேர்த்தார்கள். 32-ஆம் இடம் வரை போனது. வியாபாரத்துக்கு நல்லது, குழுவுக்குச் சந்தேகம் என்பேன். சொந்தமாக இவ்வளவு எழுதி வைத்திருக்கும் ஒருவரின் குழு, உலகம் திரும்பிப் பார்க்கிற நேரத்தில் அடுத்தவர் பாட்டோடு வந்து நிற்கிறது. ‘கிஸ் மீ’ பிடித்து ஆல்பம் வாங்கியவருக்கு, அந்த நாற்பத்தைந்தாவது சோகப் பாட்டை எழுதியவர்தான் இதையும் எழுதினார் என்று தெரிய வழியே இல்லாமல் போனது.

2000–2002: இரண்டாம் முடக்கம்

அடுத்த ஆல்பத்தின் பதிவு தொடங்கியது. பொது விதி, ஹிட் வந்த இரண்டு வருடத்துக்குள் அடுத்தது கடைக்கு வர வேண்டும். இவர்களுக்கு ஹிட்டிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல், முந்தைய ஆல்பத்திலிருந்து ஐந்து ஆண்டு ஆனது.

ஸ்க்விண்ட் புகழ் பெற்றதே தவிர, முதலாளி நிறுவனம் வேறு கணக்கில் இருந்தது. கேலார்டின் முதன்மைத் தொழில் விடுதியும் அரங்கும். இசை லேபிள்கள் அதற்குப் பக்கத்துக் கடை. 2001-ல் நிறுவனர் தான் தொடங்கிய கம்பெனியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதே ஆண்டின் இறுதியில் வேர்டு லேபிளை வார்னர் இசை நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தம் ஆனது. சிக்ஸ்பென்ஸின் ஆல்பம் இந்தக் கைமாற்றத்துக்குள் சிக்கிக் கிடந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் குழு ஒரு கோப்பு. முதலாளி மாறினால் புதிய மேலாளர் முதலில் கேட்பது “இதில் சிங்கிள் எது?” என்றுதான். பதிவு முடிந்ததாக நினைத்த ஆல்பத்துக்குத் திரும்பவும் பாட்டுகள் சேர்க்க வேண்டி வந்தது.

ஆர்.இ.எக்ஸ். விஷயத்தில் கம்பெனியிடம் காசு இல்லை. இந்தத் தடவை காசுக்குக் குறைவில்லை, அக்கறை உள்ள ஆள் போய்விட்டார். முதல் தடவையைவிட இது மோசமான முடக்கம். திவாலான கம்பெனியின் விவகாரம் என்றைக்காவது கோர்ட்டில் தீரும். வேறு வேலையாக இருக்கும் பெரிய கம்பெனியை என்ன செய்வது?

‘டிவைன் டிஸ்கன்டென்ட்’ 2002 அக்டோபரில் ஒருவழியாக வந்தது. தெய்வீக அதிருப்தி என்ற தலைப்பு வேறு. கிரவுடட் ஹவுஸ் குழுவின் ‘டோன்ட் ட்ரீம் இட்ஸ் ஓவர்’ இதில் மறுபடியும் ஒரு கவர் பாட்டாக, அதாவது அடுத்தவர் பாட்டைத் தாங்கள் பாடியதாக வந்தது. இசை நுட்பமான ஆல்பம், என் கணக்கில் அவர்களின் சிறந்தது. 1999-ல் பதினேழு வயதில் படம் பார்த்தவர்களுக்கு இப்போது இருபது. ரேடியோவும் மாறியிருந்தது. எந்தப் பாட்டும் முன்னதன் உயரத்துக்குப் போகவில்லை.

2004: கலைப்பு

2004 பிப்ரவரியில் கிட்டார்காரர், கிறிஸ்தவ இசைப் பத்திரிகையான சிசிஎம்மில் ரசிகர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதி, குழு கலைவதை அறிவித்தார். அதே ஆண்டு ‘பெஸ்ட் ஆஃப்’ தொகுப்பு ஒன்று வந்தது. தொகுப்புக்கு ஸ்டுடியோச் செலவு அதிகம் இல்லை, மாஸ்டர் கம்பெனியிடமே இருக்கிறது. ஒரு குழு போகும்போது கம்பெனி செய்கிற வழக்கமான கடைசி வேலை அது.

பாடகி 2006-ல் தனி ஆல்பம் வெளியிட்டாள். கிட்டார்காரர் மற்றவர்களின் பதிவுகளில் செல்லோவும் கிட்டாரும் வாசித்தார். நாஷ்வில்லில் வாசிக்கத் தெரிந்தவனுக்கு வேலை கிடைத்துக்கொண்டே இருக்கும்.

2007-க்குப் பிறகு: சிறிய அளவில்

2007-ன் இறுதியில் இரண்டு பேரும் மீண்டும் சேர்ந்தார்கள். இந்த முறை ஆல்பத்தில் ஆரம்பிக்கவில்லை. 2008-ல் இணையம் வழியே ஒரு குறும் தொகுப்பு, அதே ஆண்டு ‘த டான் ஆஃப் கிரேஸ்’ என்ற கிறிஸ்துமஸ் ஆல்பம். கிறிஸ்துமஸ் ஆல்பத்தைச் சிலர் இளப்பமாகப் பார்ப்பார்கள். தொழில் கண்ணோட்டத்தில் அது புத்திசாலித்தனமான தேர்வு. ஹிட் தேவையில்லை, ஆண்டுதோறும் டிசம்பரில் தானாகவே விற்கும்.

அதற்கடுத்த முழு ஆல்பம் 2010-ல் ‘ஸ்ட்ரேஞ்ச் கான்வர்சேஷன்’ என்ற பெயரில் வர இருந்தது. வரவில்லை. மறுபடியும் கம்பெனித் தரப்பில் தாமதம். 2012 ஆகஸ்டில் பெரிய லேபிள் எதுவும் இல்லாமல் வெளியானபோது அதன் பெயர் ‘லாஸ்ட் இன் டிரான்சிஷன்’ என்று மாறியிருந்தது. கைமாறும்போது தொலைந்தது என்று சொல்லலாம். இருபது வருட அனுபவத்துக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு அவர்களுக்குக் கிடைத்திருக்காது. 2024-ல் பழைய உறுப்பினர்களோடு டூர் போனார்கள், ‘ரோஸ்மேரி ஹில்’ என்ற சிறு தொகுப்பு வந்தது.

என்ன மாற்றலாம்

திறமையில் குறை இல்லை, உழைப்பிலும் இல்லை. விசுவாசத்தைப் பற்றிய சர்ச்சை அவர்களை வீழ்த்தவும் இல்லை. 2002-ல் அந்தச் சர்ச்சை ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. வீழ்த்தியது காலம். 1995-க்குப் பிறகு ஒன்றரை இரண்டு வருடம், 1997-க்குப் பிறகு ஐந்து வருடம், 2010-ல் மறுபடி இரண்டு வருடம். ஒரு ராக் குழுவின் இளமையில் இது பெரும் பங்கு.

இன்றைக்கு ஒரு குழு, அது எந்த மதத்தைப் பாடினாலும் சரி, என்னிடம் ஒப்பந்தத்தைக் காட்டினால் முன்பணத் தொகையைக் கடைசியாகப் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, உங்களைச் சேர்த்துக்கொண்ட ஆள் கம்பெனியை விட்டுப் போனால் நீங்களும் போகலாமா என்ற பிரிவு. ஸ்க்விண்ட் போல நிறுவனரே தயாரிப்பாளர், அவரே வீடியோ இயக்குநர், அவரே ரேடியோவுக்குத் தள்ளுகிறவர் என்று இருக்கும் இடத்தில் இது இல்லாமல் கையெழுத்துப் போடுவது, ஒரே ஆணியில் வீட்டைத் தொங்கவிடுவது மாதிரி.

இரண்டாவது, ஆல்பத்தை ஒப்படைத்து இத்தனை மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் மாஸ்டர் குழுவுக்கே திரும்ப வேண்டும் என்ற கெடு. பன்னிரண்டு மாதம் என்று கேட்டால் ஒன்பதுக்கோ பதினெட்டுக்கோ பேரம் நடக்கும். எந்த எண்ணாக இருந்தாலும் ஓர் எண் தாளில் இருக்க வேண்டும். கம்பெனி கைமாறினாலும் அந்தக் கெடு புதிய முதலாளியையும் கட்டும் என்று அதே வரியில் எழுதி வாங்க வேண்டும். 

கவர் பாட்டு விஷயத்தில் எனக்குத் தெளிவான விதி இல்லை. கம்பெனிக்கு அடுத்த சிங்கிள் உடனே வேண்டும், தெரிந்த பாட்டு என்றால் ரேடியோ எடுக்கும், குழுவின் கையில் அன்றைக்கு மறுக்கும் பலமும் குறைவு. ஆனாலும் ‘தேர் ஷீ கோஸ்’ பதிவு செய்த நேரத்தை, ஏற்கெனவே ஆல்பத்தில் இருந்த சொந்தப் பாட்டு ஒன்றை ரேடியோவுக்கு ஏற்றபடி மறுபடி கலவை செய்வதற்குச் செலவிட்டிருக்கலாம் என்றுதான் இன்றும் படுகிறது.